பழைய கேம்பர் வேனில் நல்ல பாட்டு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கேம்பர் வேன் பற்றித்தான். இந்த முறை கூரை ஒழுகல், துரு, காஸ் அடுப்பு எல்லாம் பின்னுக்குப் போய்விட்டது, பாட்டு கேட்பதைப் பற்றியே நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாக் கடிதமும் ஐரோப்பாவிலிருந்து. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஆறு மட்டும் எடுத்திருக்கிறேன். முதல் பதில் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கான விடையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகர்: 1997 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி4, யாரோ கேம்பராக மாற்றி வைத்திருந்ததை வாங்கினோம். இன்னும் கேசட் ரேடியோதான். கதவு ஸ்பீக்கர் கரகரவென்கிறது, மோட்டார்வேயில் ஏறினால் பாட்டே கேட்பதில்லை. கடையில் 1000 வாட் ஆம்ப் (ஓசையைப் பெருக்கும் கருவி), அடி ஓசைக்கான 12 இன்ச் சப்வூஃபர் பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு செட் சொல்கிறார்கள். கையில் 400 பவுண்ட் இருக்கிறது. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாங்கிவிடலாமா?

வாங்காதீர்கள். அந்தப் பெட்டியை எங்கே வைப்பீர்கள் என்று முதலில் யோசித்துப் பாருங்கள், நான்கு பேர் படுக்கிற வேனில் அதற்குக் கொடுக்கும் இடம் பிள்ளைகளின் துணிப் பையுடைய இடம்.

அப்புறம் அந்த 1000 வாட். அது உண்மையான, தொடர்ந்து தரக்கூடிய 1000 வாட் என்றே வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி ரக ஆம்ப் நூற்றுக்கு எண்பது பங்கு திறனோடு வேலை செய்தாலும் முழு ஓசையில் பேட்டரியிலிருந்து சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர், உங்கள் வண்டியின் வயதுள்ளது, மொத்தமாகத் தருவதே கிட்டத்தட்ட அவ்வளவுதான், ஹெட்லைட், வைப்பர், ஹீட்டர் மின்விசிறி எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஆக, ஒன்று அந்த எண் பொய், இல்லை உங்கள் வண்டிக்கு ஆகாதது. பெரும்பாலும் பொய்யாகத்தான் இருக்கும்.

ரேடியோ பெட்டிகளின் மேல் 4×50 வாட் என்று அச்சடித்திருப்பார்களே, அதுவும் அதே ரகம். கணக்கு எளிது. எஞ்சின் ஓடும்போது கிடைப்பது 14.4 வோல்ட். தனி ஆம்ப் இல்லாத சாதாரண ரேடியோவுக்குள் இருக்கிற சின்ன ஆம்ப், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாமல் தரக்கூடிய உச்சம் 26 வாட்டைத் தாண்டவே முடியாது, உள்ளே போகிற இழப்பைக் கழித்தால் கையில் நிற்பது 20 வாட்டைச் சுற்றித்தான். ஆனால் அந்த 20 வாட் போதும். நிஜமாகவே போதும், அதை வீணாக்காமல் இருந்தால்.

உங்கள் வண்டியில் அது எங்கே வீணாகிறது என்றால், கதவில். டி4 கதவு என்பது மெல்லிய தகரம் இரண்டு, நடுவே வெறும் காற்று, உள் தகரத்தில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளுகிற காற்றும் பின்னால் இழுக்கிற காற்றும் அந்த ஓட்டைகள் வழியாகச் சந்தித்து ஒன்றையொன்று அடித்துவிடும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம், பாஸ் கிதார் எல்லாம் காணாமல் போவது அங்கேதான். மிச்சம் இருக்கிற ஓசைக்குத் தகரமும் சேர்ந்து அதிரும். இதில் 300 பவுண்ட் ஸ்பீக்கரை மாட்டினாலும் தகரம் தகரமாகத்தான் பாடும்.

அதனால் முதல் செலவு கதவுக்கு. பின்புறம் அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட் வாங்குங்கள். கூரை ஓட்டை அடைக்க விற்கிற தார் ஷீட்டை மலிவு என்று வாங்காதீர்கள், வெயில் காலத்தில் வண்டியெல்லாம் தார் நாற்றம் வரும், உருகி வழியவும் செய்யும். கதவு அட்டையைக் கழற்றி, ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் இருக்கிற வெளித் தகரத்தில் ஒரு துண்டு, விரலால் தட்டினால் டங் என்று ஒலிக்கிற இடங்களில் சில துண்டுகள். முழுக்க மூட வேண்டியதே இல்லை, பரப்பில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒட்டினாலே அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும், அதற்கு மேல் ஒட்டுவது எடைதான். பிறகு உள் தகரத்தின் ஓட்டைகளை மூடுங்கள். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: ஜன்னல் கண்ணாடி வழியே மழைநீர் கதவுக்குள் இறங்கி அடியில் உள்ள சிறு துளைகளால் வெளியேறும், அந்தத் துளைகளை ஒட்டி மூடினால் அடுத்த வருடம் ஸ்பீக்கரும் இருக்காது, கதவும் இருக்காது. இதே காரணத்தால் ஸ்பீக்கர் வளையத்தை எம்டிஎஃப் என்கிற அழுத்திய மரத்தூள் பலகையில் வெட்ட வேண்டாம், தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையம் வாங்குங்கள், இல்லையென்றால் வார்னிஷ் அடித்த பிளைவுட்.

சரி, இப்போது ஸ்பீக்கர். பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை விடுங்கள், சென்சிட்டிவிட்டி என்று டெசிபலில் ஒரு எண் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி எவ்வளவு சத்தம் வரும் என்பதுதான் அது. 3 டெசிபல் கூடினால் இரண்டு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். 87 டெசிபல் ஸ்பீக்கரும் 92 டெசிபல் ஸ்பீக்கரும் பக்கத்தில் இருந்தால், இரண்டாவது உங்கள் 20 வாட்டிலேயே முதலாவது 60 வாட்டில் பாடுகிற அளவுக்குப் பாடும். தனி ஆம்ப் வைக்காதவர்கள் 90க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கட்சி. வாங்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கதவுக்குள் எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். கண்ணாடி மேலே இருக்கும்போது அளந்துவிட்டு, பிறகு காந்தத்தில் கண்ணாடி இடிக்கிறது என்று எனக்கு எழுதியவர்கள் நிறைய.

ரேடியோவை மாற்றுங்கள், தயங்க வேண்டாம். டிஏபி என்கிற டிஜிட்டல் வானொலி, ப்ளூடூத் எல்லாம் இன்று சாதாரண செட்டிலேயே வருகிறது. நீங்கள் தேட வேண்டியது அது அல்ல, டைம் அலைன்மென்ட், ஹை பாஸ் ஃபில்டர் என்ற இரண்டும் உள்ளதா என்று. ஓட்டுநர் இருக்கையிலிருந்து வலது கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டர், இடது ஸ்பீக்கர் ஒன்றரை மீட்டர் என்றால், பக்கத்தில் உள்ளதன் ஒலி கிட்டத்தட்ட 1.75 மில்லி செகண்ட் முன்னாலேயே வந்துவிடும், பாடகர் உங்கள் வலது முழங்காலில் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்கும். அந்த வித்தியாசத்தை செட்டில் சொல்லிவிட்டால் வலது பக்கத்தை அது கொஞ்சம் தாமதிக்கும், பாடகர் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார். ஹை பாஸ் என்பது அடி ஓசையை வெட்டுகிற வடிகட்டி, அதை 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் வைத்தால், கதவு ஸ்பீக்கரால் எப்படியும் தர முடியாத அடி ஓசையைத் தரச்சொல்லி ஸ்பீக்கரைக் கிழிக்காமல் இருப்பீர்கள். இரண்டுக்கும் தனியாகக் காசு கிடையாது, ஆனால் கேட்கிற காதுக்குத் தெரியும் மாற்றத்தில் பாதி இவைதான்.

மாட்டும்போது ஒன்று. ஃபோக்ஸ்வாகனில் ரேடியோ பிளக்கின் நிரந்தர மின்சாரமும் சாவி போட்டால் வரும் மின்சாரமும் பெரும்பாலும் மற்ற வண்டிகளுக்கு நேர் எதிராக, இடம் மாறி இருக்கும். அப்படியே செருகினால் சாவியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நிலையங்கள் எல்லாம் மறந்துபோகும், சில செட் இரவெல்லாம் பேட்டரியைத் தின்றுகொண்டும் இருக்கும். புது செட்டின் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் இதற்காகவே நடுவில் கழற்றி மாற்றிச் செருகும்படி வருகின்றன. மல்டிமீட்டரால் பார்த்துவிட்டு மாற்றுங்கள். பிளக்கின் வேறு சில ஊசிகள் வண்டியின் கோளாறைப் படிக்கிற டயக்னாஸ்டிக் லைனுக்குப் போகலாம், ரேடியோவுக்குத் தேவையில்லாததை இணைக்காமல் விட்டுவிடுவதே நல்லது.

சப்வூஃபரே வேண்டாமா என்றால், பெட்டி வேண்டாம் என்றுதான் சொன்னேன். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் பெரும்பாலும் அடி ஓசைதான், அது பாட்டின் அடி ஓசையை மூடிவிடுகிறது, அதனால்தான் மோட்டார்வேயில் நாம் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசியில் கூர்மையான ஓசை மட்டும் காதைக் குத்துகிறது. இருக்கைக்கு அடியில் போகிற மெல்லிய 8 இன்ச் சப் ஒன்று, உள்ளேயே ஆம்ப் உள்ளது, இதை நன்றாகவே சரிசெய்யும். ஆனால் நண்பருடைய சின்னக் காரில் அதே சப் எப்படி அதிர்ந்தது என்று நினைத்து வாங்காதீர்கள். மூடிய அறை சின்னதாக இருந்தால் அடி ஓசை தானாகக் கூடும். இரண்டரை மூன்று மீட்டர் நீளமுள்ள காருக்குள் 60 ஹெர்ட்ஸ் பக்கமே அந்த உதவி தொடங்கிவிடும், நான்கு மீட்டர் திறந்து கிடக்கிற உங்கள் வேனில் 43க்குக் கீழே போனால்தான் கிடைக்கும். பக்கக் கதவைத் திறந்தால் அதுவும் போச்சு.

உங்கள் 400ஐ நான் இப்படிப் பிரிப்பேன்: ரேடியோவுக்கு 150, முன் ஸ்பீக்கருக்கு 100, கதவு வேலைக்கு 50. மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், அடி ஓசை போதவில்லை என்று தோன்றினால் மட்டும் அந்த மெல்லிய சப். பின்னால் பிள்ளைகளுக்குத் தனி ஸ்பீக்கர் வேண்டும் என்று மனைவி கேட்டால், உங்கள் குடும்ப விஷயத்தில் நான் தலையிடவில்லை, ஆனால் அலமாரிப் பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்தினால் உள்ளே இருக்கிற தட்டு, டம்ளர் எல்லாம் தாளம் போடும். அப்புறம், வேலை முடிந்ததும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லிவிடுங்கள், பிரிட்டனில் இதுவும் மாற்றம் என்ற கணக்கில்தான் வரும்.

டோர்ட்முண்டிலிருந்து ஒரு வாசகி: அண்ணா, அப்பா வைத்திருந்த 1986 ஃபோக்ஸ்வாகன் டி3 வெஸ்ட்ஃபாலியா கேம்பர் இப்போது என்னிடம் இருக்கிறது. உள்ளே எதையும் வெட்டிக் குத்திக் கெடுக்க மனமில்லை, ஆனால் போனிலிருந்து பாட்டுப் போட வேண்டும். இருக்கைக்கு அடியில் சப் வைக்கலாமா? பழைய ஸ்பீக்கர் வயரையே பயன்படுத்தலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் தங்கச்சி, ஏனென்றால் அதில்தான் காசு போகும். வேண்டாம். அந்தக் காலத்து ரேடியோக்கள் சிலவற்றில் ஸ்பீக்கரின் ஒரு முனையை வண்டியின் உடம்பிலேயே எர்த்தாகக் கொடுத்திருப்பார்கள், இல்லை இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே திரும்பும் வயர் ஓடும். இன்றைய ரேடியோவில் ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயருமே உயிருள்ளவை, ஒன்றுகூட எர்த் கிடையாது. அதைப் பழைய வயரில் இணைத்தால் பாதுகாப்பு வேலைசெய்து செட் ஊமையாகும், அதிர்ஷ்டம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஆம்ப் போய்விடும். உங்கள் வண்டியில் எப்படி இருக்கிறது என்று ஆராய்வதைவிட, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக இரட்டை வயர் இழுத்துவிடுங்கள். டி3இல் டாஷ்போர்டைத் தூக்காமலே இதைச் செய்துவிடலாம், ஒரு மாலை நேர வேலை.

இருக்கைக்கு அடியில் சப் வைக்க இடம் இருக்காது. டி3இல் பயணி இருக்கைக்கு அடியில்தான் வண்டியின் பேட்டரியே இருக்கிறது, இரண்டாவது பேட்டரி இருந்தால் அது ஓட்டுநர் இருக்கைக்கு அடியில். எஞ்சின் பின்னால் போனதற்குக் கொடுத்த விலை அது. இதில் ஒரு நன்மையும் உண்டு, ஆம்ப் வைப்பதாக இருந்தால் பேட்டரியிலிருந்து வயர் ஒரு மீட்டர்கூட ஓட வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற சின்ன கிளாஸ் டி ஆம்ப்கள் கிடைக்கின்றன, டாஷ்போர்டுக்குப் பின்னால் போய்விடும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ரேடியோ மட்டும் பழைய முகத்தோடு வேண்டும் என்றால் உங்கள் ஊர்க் கடைகளிலேயே வழி இருக்கிறது. ப்ளாபுங்க்ட் பெயரில் ப்ரேமன் எஸ்க்யூஆர் 46 டிஏபி என்று ஒன்று வந்தது, எண்பதுகளின் பழைய ப்ரேமன் செட்டின் முகம், உள்ளே ப்ளூடூத், டிஏபி, யூஎஸ்பி. காண்டினென்டலிலும் பழைய பாணியில், ஆரஞ்சு வெளிச்சம் வருகிற சிங்கிள் டின் (ஒற்றை உயர) செட் கிடைக்கிறது. எதைப் போட்டாலும் அப்பாவின் பழைய ரேடியோவை எறியாமல் ஒரு பெட்டியில் போட்டு வையுங்கள். வண்டி 30 வயதைத் தாண்டியதால் பழம்வண்டி நம்பர் பலகைக்கு எப்போதாவது போவீர்கள், அங்கே பரிசோதகர் பார்ப்பது வண்டி அசல் நிலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்பதைத்தான். கதவு அட்டையில் 16 சென்டிமீட்டர் ஓட்டை போட்டால் திரும்ப மூட முடியாது. டாஷ்போர்டின் பழைய இடத்தில் நல்ல ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு, கொஞ்சம் அடி ஓசை குறைவதைப் பொறுத்துக்கொள்வதே இந்த வண்டிக்கு மரியாதை என்று நினைக்கிறேன்.

கார்டிஃபிலிருந்து ஒரு வாசகர்: முகாமில் சாயங்காலம் நான்கைந்து மணி நேரம் பாட்டு கேட்டால் மறுநாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை. 1994 டால்பாட் கேம்பர், ஒரே பேட்டரிதான். பெரிய பேட்டரி போட்டால் சரியாகுமா?

பாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். சாதாரணச் சத்தத்தில் ரேடியோ எடுப்பது ஒன்றரை ஆம்பியர் என்று வைத்தால், ஐந்து மணி நேரத்துக்கு 7.5 ஆம்பியர் அவர் (ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கிய அளவு). ஆரோக்கியமான 70 ஆம்பியர் அவர் பேட்டரி அதற்கெல்லாம் படுக்காது. ஆக, பேட்டரி கிழடாகியிருக்க வேண்டும், இல்லை வேறு ஒன்று குடிக்கிறது. என் சந்தேகம் உங்கள் ஃப்ரிட்ஜ் மேல். பழைய கேம்பர்களில் இருக்கிற, காஸிலும் வீட்டுக் கரண்டிலும் 12 வோல்ட்டிலும் ஓடுகிற மூன்று வழி ஃப்ரிட்ஜ், 12 வோல்ட்டில் விட்டுவிட்டால் 8 முதல் 10 ஆம்பியர் நிற்காமல் எடுக்கும். எஞ்சின் நின்றதும் அதை வெட்டிவிட ஒரு ரிலே, அதாவது தானாக வேலைசெய்கிற சுவிட்ச், இருக்க வேண்டும். பழைய வண்டியில் அது ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது முன்னால் வைத்திருந்த யாரோ கழற்றிப் போட்டிருப்பார்கள். ஐந்து மணி நேரத்தில் 45 ஆம்பியர் அவர், மீதியைக் குளிர் பார்த்துக்கொள்ளும். எஞ்சினை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜின் வயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பாருங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். தனி ஆம்ப் வைத்திருந்தால் அதையும் பாருங்கள், அதை எழுப்புகிற ரிமோட் வயரை நிரந்தர மின்சாரத்தில் கொடுத்திருந்தால் பாட்டு நின்ற பிறகும் அது தூங்காது.

எது காரணமாக இருந்தாலும், நிறுத்தி வைத்துப் பாட்டு கேட்பவர்களுக்கு இரண்டாவது பேட்டரி வேண்டும், பெரிய ஒற்றை பேட்டரி அல்ல. 100 ஆம்பியர் அவர் ஈய பேட்டரி என்றால் பாதியைத்தான் செலவழிக்கலாம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். அந்தப் பாதியே ரேடியோவுக்கு 30 மணி நேரத்துக்கு மேல் வரும். உங்கள் வண்டியில் இருப்பது பழைய சாதாரண ஆல்டர்னேட்டர், அதனால் வோல்டேஜைப் பார்த்து இணைக்கிற ரிலே ஒன்று நடுவில் போட்டால் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஆகும், நின்றதும் பிரிந்துவிடும். லித்தியம் போடுவதாக இருந்தால் ரிலே வேண்டாம், மின்சாரத்தை அளவாகக் கொடுக்கிற டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். லித்தியம் கிடைக்கிற மின்சாரத்தையெல்லாம் வாரி இழுக்கும், பழைய ஆல்டர்னேட்டர் சூடாகிப் புகைந்துவிடும்.

பிறகு ரேடியோவின் மஞ்சள், சிவப்பு இரண்டையும் இரண்டாவது பேட்டரிக்கே கொண்டுபோங்கள், சிவப்பின் நடுவே ஒரு சின்ன சுவிட்ச். சாவி போடாமலே பாட்டு வரும், காலையில் வண்டியும் ஸ்டார்ட் ஆகும். வயர் பேட்டரியை விட்டுப் புறப்படும் இடத்தில், அரை மீட்டருக்குள், ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாற்ற அல்ல, வயர் எங்காவது தகரத்தில் உரசித் தோலுரிந்தால் தீப்பிடிக்காமல் இருக்க. ரேடியோ பக்கத்தில் ஒரு ஃபியூஸ் ஏற்கனவே இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள்.

மில்டன் கீன்ஸிலிருந்து: ஜப்பானிலிருந்து இறக்குமதியான மஸ்தா போங்கோ வாங்கினோம். ரேடியோவில் ஒரு நிலையம் தவிர வேறு எதுவும் வரவில்லை. ஏரியல் கெட்டுவிட்டதா?

அந்த ஒரு நிலையம் பிபிசி ரேடியோ 2தானே? ஏரியல் நன்றாக இருக்கிறது. உங்கள் வண்டியின் காலத்து ஜப்பான் ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் எஃப்எம் பிடிக்கும், பிரிட்டனில் எஃப்எம் 87.5இல் தொடங்கி 108 வரை போகிறது. இரண்டும் ஒட்டுகிற சின்ன இடுக்கில் ரேடியோ 2 இருக்கிறது. ஏரியல் வயரின் நடுவே செருகுகிற பேண்ட் எக்ஸ்பாண்டர் சில பவுண்டுக்குக் கிடைக்கும், நிலையங்களைக் கீழே இறக்கிக் கொடுக்கும், ஆனால் திரையில் எண் தப்பாகக் காட்டும், ஓசையும் இரைச்சலாக இருக்கும். திரையில் எல்லாம் ஜப்பானிய எழுத்து, வரைபடமும் ஜப்பானுடையது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கழற்றிவிடுங்கள். ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் 180க்கு 100 மில்லிமீட்டர் டபுள் டின் (இரட்டை உயர) இடம் விட்டிருப்பார்கள், மஸ்தாவுக்கான அடாப்டர் வயரோடு இங்கே விற்கும் எந்த நல்ல செட்டும் உட்கார்ந்துவிடும்.

ஒஸ்லோவிலிருந்து ஒரு வாசகி: 1999 ஃபியட் டுகாட்டோ கேம்பர், ஃபைபர் கூரை. நார்வேயில் எஃப்எம் போய்விட்டதால் டிஏபி அடாப்டர் ஒன்று வாங்கிக் கூரையில் ஏரியல் ஒட்டினோம். ஊரை விட்டு வெளியே போனதும் வருவதில்லை.

நார்வே 2017இல் தேசிய நிலையங்களை எஃப்எம்மிலிருந்து எடுத்துவிட்டது, சுவிட்சர்லாந்திலும் பொது வானொலி 2024 முடிவோடு நிறுத்திவிட்டது, அதனால் இந்தக் கேள்வி உங்களோடு நிற்காது, கோடையில் அந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கும் வரும். உங்கள் சிக்கல் அடாப்டரில் இல்லை, கூரையில். குச்சி ஏரியல் சரியாக வேலைசெய்ய அதற்கு அடியில் தகரம் வேண்டும், பாதி ஏரியல் அந்தத் தகரம்தான். ஃபைபர் கூரையில் அது இல்லை. ஏரியலின் அடிப்பகுதியைச் சுற்றி உட்பக்கமாக, ஒவ்வொரு பக்கமும் 40 சென்டிமீட்டர் அளவுக்கு அலுமினியத் தாளை ஒட்டி ஏரியலின் எர்த்தோடு தொடும்படி செய்யுங்கள். அது பெரிய வேலை என்றால் முன் கண்ணாடியில் ஒட்டுகிற டிஏபி ஏரியல் வாங்கிவிடுங்கள். அதில் ஒரு செம்புப் பட்டை இருக்கும், அதைக் கண்ணாடித் தூணின் உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் தகரத்தில் ஒட்ட வேண்டும். பலர் அழகுக்காக அதைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டு ஏரியலைத் திட்டுகிறார்கள்.

பாரிஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகர்: ஆம்ப் வைத்த நாளிலிருந்து எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஙொய்ங் என்று ஒரு சத்தம். அதோடு உள்ளே எல்இடி விளக்கைப் போட்டால் டிஏபி அறுந்துபோகிறது. ஆம்பை காஸ் சிலிண்டர் அறைக்கு மாற்றினால் சரியாகுமா? அங்கே நிறைய இடம் இருக்கிறது.

மூன்று கேள்வி, மூன்றுக்கும் தனித்தனிக் காரணம்.

வேகத்தோடு சுருதி ஏறுகிற சத்தம் ஆல்டர்னேட்டருடையது, அது உள்ளே வருவது பெரும்பாலும் எர்த் வழியாக. எஞ்சினை ஓடவிட்டு, ஆம்பை ஒரு நிமிடம் அணைத்து, ரேடியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரைப் பிடுங்கிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி போடுங்கள். சத்தம் நின்றால் அது ரேடியோ பக்கமிருந்தோ வயரிலிருந்தோ வருகிறது. நிற்காவிட்டால் ஆம்பின் எர்த் மோசம். பெயின்ட் மேலேயே திருகை முறுக்கியிருப்பார்கள். சுரண்டி வெள்ளைத் தகரம் தெரிய வைத்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள், தகரம் தெரிகிற இடம் அப்படியே விட்டால் துருப்பிடிக்கும். ரேடியோவின் எர்த்தையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. பேட்டரி வயர் வண்டியின் ஒரு பக்கமாகவும் ஆர்சிஏ மறுபக்கமாகவும் ஓடட்டும். போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டு ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கும்போது மட்டும் சத்தம் வந்தால், ஆக்ஸ் வயரில் எர்த் வழியே வரும் சத்தத்தைத் தடுக்கிற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்று போட்டால் தீர்ந்தது, வேறு எதையும் தொட வேண்டாம். எஞ்சின் நின்றாலும் மாறாத உஸ் என்ற இரைச்சலும் இருந்தால், ஆம்பின் கெயினை எவரோ முழுக்கத் திருகி வைத்திருக்கிறார்கள். அது வால்யூம் அல்ல, உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்கிற திருகு, குறையுங்கள்.

பேட்டரி வயரையும் ஒருமுறை சந்தேகத்தோடு பாருங்கள். மலிவு கிட்டுகளில் செம்பு பூசிய அலுமினிய வயர்தான் வரும்; நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். செம்பே ஆனாலும் தடிமன் முக்கியம். நான்கு மீட்டர் போக, நான்கு மீட்டர் வர, 30 ஆம்பியர் ஓடினால் 4 சதுர மில்லிமீட்டர் வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும், 10 சதுர மில்லிமீட்டரில் அரை வோல்ட்டுக்குள் அடங்கும்.

எல்இடி விஷயம் வேறு. டிஏபி 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, மலிவு எல்இடிக்குள் இருக்கிற சின்ன மின்சுற்று அதே இடத்தில் இரைச்சலைக் கக்கும். யூஎஸ்பி சார்ஜரும், சோலார் கன்ட்ரோலரும் இதைச் செய்யும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, குற்றவாளியை மாற்றிவிடுங்கள். மாற்ற முடியாததன் வயரில் ஃபெரைட் வளையம் மாட்டலாம், கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

காஸ் அறைக்குள் ஆம்ப் வைக்கக் கூடாது. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அறையின் அடியில் தேங்கி, தரையிலுள்ள துளை வழியே வெளியே இறங்குவதற்காகத்தான் அந்த அறையை மூடி அடைத்துத் தனியாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கே ரிலே, சுவிட்ச், ஆம்ப், ஃபியூஸ் எதுவும் கூடாது, அந்தத் துளையின் மேல் பொருள் எதையும் வைக்கவும் கூடாது. வேறு அறையில் திருகு போடும்போதும் பலகைக்குப் பின்னால் காஸ் குழாயோ முகாம் கரண்ட் வயரோ ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். மெத்தைக்கு அடியில், காற்று போகும்படி சட்டம் கட்டிய இடம் இருந்தால் ஆம்பை அங்கே வையுங்கள். அதுவும் இல்லையென்றால் ஆம்பை விற்றுவிட்டு, லெஸ்டர்காரருக்குச் சொன்ன மாதிரி கதவு வேலையையும் நல்ல ஸ்பீக்கரையும் பாருங்கள்.